பிவிபியில் புது ஆளைக் காப்பாற்ற எது நல்ல வழி: வேலியா, லெவல் பிரிவா, சம கியரா?

எங்கள் கூட்டத்துக்கு ஒரு ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மன்னார்குடி, தஞ்சாவூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் சொந்தக்காரப் பையன்கள்தான் கூட்டம். பாதிப் பேர் பழகிய கை, மீதிப் பேர் இந்த வகை கேமையே இப்போதுதான் தொடுகிறார்கள். எல்லோருக்கும் பிவிபி வேண்டும், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் அரக்கனை அடிப்பதில் யாருக்கும் ஆர்வம் இல்லை, எதிரில் ஒரு மனுஷன் இருக்க வேண்டும். ஆனால் சேர்ந்த முதல் வாரமே பழைய ஆட்களிடம் அடி வாங்கி வெறுத்துப் போகவும் கூடாது. எந்தெந்த கேம் இதற்கு என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்த்து, கடைசியில் கில்டு வார்ஸ் 2 பக்கம் சாய்ந்தோம். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

விருப்பம் இருந்தால் மட்டும் சண்டை என்று ஒரு சுவிட்ச் வைப்பது ஒரு வழி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2018-ல் வந்த வார் மோடு அந்த ரகம். அதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சுவிட்சைப் போடாதவனுக்குப் பிரச்சினையே இல்லை, போட்டவனுக்கு எல்லாப் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. நாங்கள் சண்டைக்கென்றே போகிறவர்கள், எங்களுக்கு அது விடை ஆகாது.

அடுத்தது வேலி போடுவது, அதாவது இந்த எல்லைக்குள் யாரும் உன்னை அடிக்க முடியாது, தாண்டினால் உன் பாடு. இது பழைய யோசனை. 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஊருக்கு வெளியே கால் வைத்த புதியவர்களைக் கொன்று பொருளைப் பிடுங்குவதே பலருக்குப் பொழுதுபோக்காகிவிட, 2000-ல் உலகத்தையே இரண்டாக்கி, ஒன்றில் விருப்பமில்லாதவரைக் கொல்ல முடியாது என்று வைத்தார்கள். ஈவ் ஆன்லைனில் பாதுகாப்பான பகுதி என்று சொல்லப்படும் இடத்திலும் அடி விழும். அங்கே கான்கார்டு என்ற போலீஸ் அடித்தவனைத் தண்டிக்குமே தவிர, அடியைத் தடுக்காது. மலிவான கப்பலை இழந்தாலும் பரவாயில்லை என்று வந்து, சரக்கு நிறைந்த கப்பலை உடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஈவில் நான் அதிகம் இறங்கியதில்லை, அதனால் அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

நான் நன்றாக அனுபவித்த வேலி ஆல்பியன் ஆன்லைனுடையது. நீலம், மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று நிலம் பிரிந்திருக்கும். நீலத்தில் பயமில்லை. மஞ்சளில் அடித்தால் கீழே விழுவோம், பொருள் போகாது. சிவப்பிலும் கருப்பிலும் செத்தால் உடம்பில் இருந்தது, பையில் இருந்தது எல்லாம் அங்கேயே கிடக்கும், ஒரு பகுதி அழிந்துபோகும், மிச்சத்தைக் கொன்றவன் அள்ளிக்கொண்டு போவான். வடிவமைப்பாகப் பார்த்தால் அழகுதான், நிறத்தைப் பார்த்தாலே ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துவிடும். சிக்கல் எல்லையில் இருக்கிறது. கேர்லியான் நகரத்தைச் சுற்றிச் சிவப்பு நிலம், வியாபார ஆசையில் புதியவன் அங்கே சரக்கு தூக்கிக்கொண்டு போவான், அவனுக்காகவே வாசலில் ஒரு கூட்டம் காத்திருக்கும். இதில் நம்ம ஊர் கரண்ட் வேறு. ஐப்பசி மழையில் இடி இடித்ததும் லைன் போய்விடும், நெட் அறுந்தாலும் ஆள் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நிற்பான். திரும்ப வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

லெவல் பிரிவுக்கு வருவோம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் வைல்டர்னஸ் என்ற பகுதிக்குள் எவ்வளவு ஆழம் போகிறாயோ அவ்வளவு லெவல் வித்தியாசத்துக்குள் இருக்கிறவர்கள்தான் உன்னை அடிக்க முடியும். ஐந்தாம் ஆழத்தில் நின்றால் காம்பாட் லெவல், அதாவது சண்டைத் திறனின் லெவல், 40 உள்ளவனை 35 முதல் 45 வரை உள்ளவர்கள் மட்டுமே தொட முடியும். கேட்க நியாயமாக இருக்கிறதா? ஆனால் டிஃபென்ஸை, அதாவது தற்காப்புத் திறனை, 1-லேயே வைத்துக்கொண்டு அடிக்கும் பலத்தை மட்டும் ஏற்றிய ஆட்கள் இருக்கிறார்கள், ப்யூர் என்பார்கள். கணக்கில் லெவல் குறைவு, கையில் பலம் அதிகம். வார்கிராஃப்டிலும் இதே கதை, அங்கே பெயர் ட்விங்க். 19-ம் லெவலில் வேண்டுமென்றே நின்றுகொண்டு, அந்த லெவலுக்குக் கிடைக்கிற மிகச் சிறந்த பொருளையெல்லாம் மாட்டிக்கொண்டு, உண்மையாகவே 12-லும் 14-லும் இருக்கிறவர்களை நொறுக்குவார்கள். 2009-ல் அந்தச் சண்டைக்களங்களிலும் லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி கிடைக்கும்படி மாற்றி, வேண்டாம் என்று அதை நிறுத்தி வைத்தவர்களைத் தனி வரிசையில் தள்ளிய பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. எங்கள் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 60 கிலோ பிரிவு என்று நோட்டீஸ் அடித்தால், பட்டினி கிடந்து எடையை இறக்கிக்கொண்டு பத்து வருஷம் ஆடிய ஆள் வந்து நிற்பான். தராசு பொய் சொல்லாது, ஆனால் அது அளப்பது எடையைத்தான்.

இப்போது எங்களுக்கு முடிவைக் கொடுத்த விஷயம். வேலி, பிரிவு இரண்டுமே புதியவன் என்றால் இன்று சேர்ந்தவன் என்று எடுத்துக்கொள்கின்றன. எங்கள் கூட்டத்தில் நிஜமான புதியவர்கள் யார் தெரியுமா? போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள். தை, மாசியில் சம்பா அறுவடை வந்தால் ஒருத்தன் காணாமல் போவான். மெஷின் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ராத்திரி பகல் கிடையாது, அப்புறம் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்பு. ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவுக்கு மறுபடி அதே கதை. கல்லூரிப் பையன்களுக்கு செமஸ்டர். சிங்கப்பூர்க்காரனுக்கு ஷிஃப்ட் மாறும். கியர், அதாவது மாட்டிக்கொள்ளும் ஆயுதமும் கவசமும், ஏறிக்கொண்டே போகிற கேமில் இப்படி இரண்டு மாதம் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வார்கிராஃப்ட் மாதிரி ஒவ்வொரு சீசனுக்கும் புதுக் கவசம் வரும் இடத்தில், போன சீசனில் மாடாக உழைத்துச் சேர்த்தது இந்த சீசனில் பழைய இரும்பு. ஆல்பியனில் இன்னும் நுணுக்கம். சந்தையில் அதே வாளைக் காசு கொடுத்து வாங்கினாலும் சமம் ஆகாது, ஏனென்றால் டெஸ்டினி போர்டு என்ற திறமைப் பலகையில் அந்த வாளை நீண்ட நாள் சுழற்றியவனுக்கு அதே வாளின் ஐட்டம் பவர், அதாவது பலம், கூடுதலாக இருக்கும். நம் ஆள் வயலில் நின்ற நாளெல்லாம் அடுத்தவன் அதை ஏற்றிக்கொண்டிருப்பான். திரும்பி வந்தவனுக்கு பாதுகாப்பும் கிடையாது, அவன் லெவலில்தான் உச்சத்தில் இருக்கிறானே! ஆக, அவன் சண்டைக்கு வரும் முன் பல ராத்திரி கூலி வேலை மாதிரி பொருள் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மற்றவர்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் மனசு வலிக்கும், கொடுக்காவிட்டால் மனஸ்தாபம்.

கில்டு வார்ஸ் 2-ன் போட்டிக் களத்தில் இந்தப் பராமரிப்பு வேலையே கிடையாது. 2012-ல் வந்ததிலிருந்தே அங்கே நுழைந்தவுடன் எல்லோரும் 80-ம் லெவல். வெளி உலகத்தில் சேர்த்த கவசம் எதற்கும் மதிப்பில்லை. அமுலெட், ரூன், சிஜில் என்று பலம் தரும் பொருள்களைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பதுதான், அது எல்லோருக்கும் ஒரே பட்டியல். ஐந்துக்கு ஐந்து, மூன்று இடங்களைப் பிடித்து வைத்து 500 புள்ளி சேர்ப்பது வழக்கமான ஆட்டம். அறுவடை முடிந்து வருகிறவன் விட்ட இடத்திலேயே நிற்பான், கை மட்டும் கொஞ்சம் துருப்பிடித்திருக்கும். தோற்றால் நேரம் மட்டும்தான் போகும், அடுத்த ஆட்டத்துக்கு உடனே வரிசையில் நிற்கலாம். எனக்கு இது போதும்.

அதே கேமில் வேர்ல்டு வெர்சஸ் வேர்ல்டு என்று பெரிய சண்டை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டிக் களத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கேயும் சின்ன லெவல் ஆட்களை 80-க்குத் தூக்கிவிடுவார்கள், ஆனால் கியர் அவரவர் சொந்தக் கியர். லெவலைத் தூக்குவது வேறு, கியரைச் சமப்படுத்துவது வேறு. புதியவன் பெயருக்கு 80 என்று போய் நின்று, இரண்டு அடியில் படுப்பான்.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. முதலாவது, எலைட் ஸ்பெஷலைசேஷன்கள், அதாவது கேரக்டருக்குப் புது வித்தைகள் தரும் சிறப்புப் பிரிவுகள். 2015-லிருந்து விரிவாக்கங்களோடு வருபவை, காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டும். அதே 2015-லேயே அடிப்படை கேம் இலவசமாகிவிட்டது என்றாலும், இலவசக் கணக்கில் ஆடுபவனுக்கு எதிரில் அந்த வித்தைகளோடு ஒருவன் நின்றால் கியர் சமம் என்பது முழு உண்மை ஆகாது. இரண்டாவது, உழைப்புக்கு மரியாதை இல்லை என்கிற குறை. வார்கிராஃப்டே 2016-ல் லீஜியன் என்ற விரிவாக்கத்தில் இதே மாதிரி, சொந்தக் கியருக்குப் பதில் கேமே கொடுக்கும் ஒரு வார்ப்பு பலத்தை வைத்துப் பார்த்து, 2018-ல் எடுத்துவிட்டது. தேடித் தேடிச் சேர்த்த கவசம் சண்டையில் ஒன்றுமில்லை என்றால் பலருக்கு ரோல்-பிளேயிங் கேமின் ருசியே போய்விடுகிறது. எங்கள் கூட்டத்திலும் ஒரு தம்பி இன்னும் இதைச் சொல்லிப் புலம்புகிறான், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவதுதான் எங்களை நிஜமாக உறுத்துவது. சர்வர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து ஆடும்போது பிங், அதாவது சர்வருக்குப் போய் வரும் தாமதம், தெரியத்தான் செய்யும், எதிரி கை ஓங்குவதைப் பார்த்து உருள வேண்டிய நேரத்தில் அடி ஏற்கெனவே விழுந்திருக்கும். கியரைச் சமப்படுத்தினவர்கள் கடல் தூரத்தைச் சமப்படுத்தவில்லை. நாங்கள் தூரத்திலிருந்து அடிக்கும், முன்கூட்டி யோசித்து ஆடும் கேரக்டர்களாகப் பார்த்து எடுத்து ஓரளவு சமாளிக்கிறோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஐரோப்பாவில் சாயங்காலம், அப்போது ஆட்கள் நிறைய இருப்பார்கள், ஆளுக்கு ஏற்ற ஆளை கேம் சேர்த்துவிடும். காலையில் போனால் வரிசையில் இருக்கிற நாலு பேரையே எதிரில் போடும், அதில் இரண்டு பேர் புலிகளாக இருப்பார்கள்.

கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான் என்றால் இந்தப் பேச்சே உங்களுக்கு உதவாது, ஏனென்றால் கில்டு வார்ஸ் 2 போனில் ஓடாது. அப்போது ஆல்பியன்தான். போனில் நன்றாக ஓடுகிறது, 2023-லிருந்து ஆசியாவுக்குத் தனி சர்வரும் இருக்கிறது, பிங் விஷயத்தில் எங்களைவிட ஆல்பியன் ஆடுகிறவர்கள் பாக்கியசாலிகள். மஞ்சள் நிலத்திலும் ஐந்துக்கு ஐந்து அரீனாவிலும் பொருள் போகாமல் சண்டை பழகலாம். சிவப்புக்குப் போகிற அன்று மட்டும், போனால் போகட்டும் என்று சொல்ல முடிகிற பொருளை மாட்டிக்கொண்டு போங்கள், மழை வருகிற மாதிரி இருந்தால் அதுவும் வேண்டாம்.