இரண்டாவது மானிட்டர்: கிராபிக்ஸ் கார்டிலா, மதர்போர்டிலா?

இரண்டாவது மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றே வருகிறதா? சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ, மதர்போர்டுடையது. அதற்குக் கீழே தனி வரிசையாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டுடையவை.

என்னைக் கேட்டால் இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே செருகுங்கள். பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) பக்கமே போக வேண்டாம். போர்ட் வகைதான் சில சமயம் இடிக்கும்: பல கார்டுகளில் எச்டிஎம்ஐ ஒன்றுதான், மீதியெல்லாம் டிஸ்ப்ளேபோர்ட். மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் கேபிள் போதும். ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளேபோர்ட் முனை கம்ப்யூட்டர் பக்கம்தான் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் படம் வராது. 'எப்படிப் போட்டாலும் வரும் சார்' என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

மதர்போர்டு வழிக்குக் கூடுதல் செலவில்லை, நிபந்தனைகள் உண்டு. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல் ஐ5-12400எஃப் மாதிரி 'எஃப்' என்று முடிந்தால் அது கிடையாது. அந்த எச்டிஎம்ஐ சும்மா அலங்காரம். கிராபிக்ஸ் இருந்தாலும், கார்டைக் கண்டதும் பல மதர்போர்டுகள் பிராசஸரின் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' போன்ற பெயரில் இருப்பதை இயக்க வேண்டும். மெயில், யூடியூபுக்கு இது தாராளம். கேம் ஓடும் திரையை மட்டும் இதில் போடாதீர்கள்.

எதில் செருகினாலும் சரி, மானிட்டரின் இன்புட் சரியா என்று பார்த்துவிட்டு, விண்டோஸ் கீயோடு 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்கள்.