ஹோண்டா சி70 டிரம் பிரேக்: தோட்டத்து ரோட்டில் பல வருஷம் ஓட்டிய பிறகு

ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பிரேக் எப்படி என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள். "அது நிக்கிறப்ப நிக்கும்" என்பதுதான் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கிடைக்கிற பதில். இந்தக் கெட்ட பெயர் வண்டிக்கு நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம். 72 சிசி வண்டி, முன்னும் பின்னும் 110 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டிரம். டிரம் என்பது வீலோடு சுற்றுகிற கிண்ணம்; அதற்குள் ஷூ என்கிற இரண்டு வளைந்த துண்டுகள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும். அந்த வேகத்துக்கும் எடைக்கும் அது தாராளம். கோளாறு பெரும்பாலும் டிரம்மில் இருப்பதில்லை. அதை இயக்குகிற கேபிளிலும், ஷூவை விரிக்கிற கேமிலும், அந்தக் கேமைத் திருப்புகிற ஆர்மிலும்தான் இருக்கிறது.

என் வண்டி அப்பா தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேய்ப்பவராக) இருந்தபோது வாங்கியது. இப்போது தினமும் லிந்தாங் ரோட்டுப் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் போய் வருகிறது. வெயில் காலத்தில் செம்மண் தூசி டிரம்முக்குள் போய் உட்காரும். சாயங்கால மழையில் அதுவே சேறாகக் குழைந்து, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங்கைத் தேய்க்கும், கீச்சென்று சத்தம் போடும். ராத்திரி முழுக்க மழையில் நின்ற வண்டியில் காலையில் முதல் பிடி வெடுக்கென்று கடிக்கும். டிரம்மின் உள்பக்கம் லேசாகத் துரு படிந்திருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிடித்துவிட்டால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. குட்டையில் இறங்கி ஏறினாலும் அப்படித்தான்: பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்.

இனி ஆர்ம் விஷயம். பிரேக் தளர்ந்தால் எல்லோரும் நட்டைத் திருகி டைட் வைக்கிறார்கள். ஷூ தேயத் தேய நட்டு ஏறிக்கொண்டே போகும், ஆர்மும் சாய்ந்துகொண்டே போகும். பிரேக்கை முழுதாகப் பிடித்து வைத்துக்கொண்டு பாருங்கள். கேபிளும் ஆர்மும் செங்கோணத்தைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பலம் வீண்தான், லிவர் மட்டும் கல் மாதிரி இருக்கும். சில மோட்டார் கடைகளில் ஷூவை மாற்றாமல் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். உடனே பிரேக் புதுசு போலப் பிடிக்கும், நாமும் சந்தோஷமாக வந்துவிடுவோம். ஆனால் தேய்ந்த ஷூவை வைத்துக்கொண்டு கேமை அளவுக்கு மீறித் திருப்பினால், அது புரண்டு போய் வீல் இறுகிவிடும் ஆபத்து இருக்கிறது. கேமின் முனையிலும் ஆர்மிலும் சின்னப் புள்ளி குத்தியிருக்கும். இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் தள்ளி விடுங்கள். டக்கென்று திரும்பி வரவில்லை என்றால் கேம் காய்ந்து கிடக்கிறது. கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸைத் துளியளவு தடவினால் போதும். கிரீஸை அள்ளிப் பூசுகிற பழக்கம்தான் இங்கே பாதிக் கோளாறுக்குக் காரணம். முன் வீலில் ஸ்பீடோமீட்டர் கியர் பிரேக் தட்டிலேயே இருக்கிறது. அதில் கிரீஸைத் திணித்தால் சூட்டில் இளகி ஷூவுக்கு வந்து சேரும். லைனிங் ஒருமுறை கிரீஸைக் குடித்துவிட்டால் பெட்ரோலில் கழுவினாலும் பழைய பிடி வராது. ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஷூ வாங்குவதில் எனக்கு மனக்கசப்பு உண்டு. பெட்டியில் பெயர் எல்லாம் அழகாக அச்சடித்த மலிவு ஜோடி ஒன்று, அதிக நாள் ஆகாமலே அலுமினியத்திலிருந்து ஓரம் கிளம்பிவிட்டது. வீலைத் திறந்தபோது லைனிங்குக்கு அடியில் நகம் நுழைந்தது. பசை பாதி இடத்தில்தான் பிடித்திருந்தது. ஓடும்போது கழன்றிருந்தால் டிரம்முக்குள் சிக்கி வீலை நிறுத்தியிருக்கும். அப்புறம் எந்தக் கடை ஷூவானாலும் மாட்டுவதற்கு முன் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்க்கிறேன். ஷூவின் முன் விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்தும் விடுகிறேன், கடிப்பது குறையும். பழைய ஷூத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊத விடாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

பின் பிரேக்கில் மறக்கக் கூடாதது ஒன்று. சங்கிலியை டைட் வைக்க வீலைப் பின்னால் தள்ளும்போது பெடலையும் ஆர்மையும் இணைக்கிற பிரேக் ராடும் கூடவே இறுகும். பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி மறுபடி தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஷூ உரசிக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்து, டிரம் இருக்கிற வீலின் நடுப்பகுதியான ஹப்பைத் தொட்டால் சுடும்.

சரி, மலை இறக்கம்? பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் வழியாகத் தைப்பிங் போகும்போது பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடாகிப் பிடி மெல்ல மெல்லக் குறையும். இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே பிடிக்க விட்டால் அந்தத் தொல்லை இல்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் இந்த வண்டியின் மூக்கு குனியாது, மேலே எழும்பும். முன் ஃபோர்க்கின் அமைப்பு அப்படி. புதிதாக ஓட்டுகிறவர்கள் இதில் மிரண்டுபோய் முன் பிரேக்கையே விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு, நிற்க மாட்டேன் என்கிறது என்று புகார்.

"மாமா, பேசாம டிஸ்க் போட்டுரலாமே" என்கிறான் அக்கா மகன். அதற்கு ஃபோர்க்கையே மாற்ற வேண்டும், அப்புறம் இது சி70 இல்லை. எனக்கு இப்போதைய கவலை பின் டிரம்தான். ஸ்போக்கை ஒரு பக்கமாக இழுத்து முடுக்கியதில் கொஞ்சம் நீள்வட்டமாகி, பெடல் காலுக்கடியில் துடித்தது. ஈப்போவில் லேத்தில் கொடுத்துக் கடைந்தாயிற்று. உள்விட்டத்துக்கு 111 மில்லிமீட்டர்தான் எல்லை, அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இனி கடைய இடமில்லை. நல்ல பழைய ஹப் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.