நெஞ்சுக்கறியா, தொடைக்கறியா? அரை மணி நேர இரவுச் சாப்பாடு

எட்டு மணிக்கு வீடு வந்து எட்டரைக்குச் சாப்பிட உட்கார வேண்டும். எண்ணெயில் பொரித்தது வேண்டாம், தேங்காய் அரைத்துக் குழம்பு வைக்க நேரமில்லை. தொட்டுக்கொள்ள, கடித்தால் நறுக்கென்று இருக்கும் காய் ஒன்றும் வேண்டும். இதற்குள் அடங்குவது இரண்டு ஜோடிகள். ஒன்று, தோசைக்கல்லில் சுட்ட கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளரிக்காய் கோசம்பரியும் (ஊறவைத்த பாசிப்பருப்பும் பச்சைக்காயும் கலந்தது). இன்னொன்று, தொடைக்கறி மிளகு வறுவலும் கோஸ் பொரியலும். ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் முழுக்காலையே போடலாம். ஆனால் எலும்போடு வேக நேரம் பிடிக்கும், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

சத்துக் கணக்கில் நெஞ்சுக்கறிதான் முன்னால் நிற்கிறது. தோல் இல்லாமல் சமைத்த 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம், கொழுப்பு 4 கிராமுக்குள். தொடையில் புரதம் 25 கிராம் அளவில் நிற்கும், கொழுப்போ இரண்டு மடங்குக்கு மேல். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் கறிக்கடையில் நெஞ்சுப்பகுதியை மட்டும் கேட்டு வாங்குவது இதனால்தான்.

ஆனால் அடுப்பில் கதை வேறு. கோழியில் எந்தப் பகுதியானாலும் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். அதைத் தாண்டிக் கொஞ்சம் போனாலே நெஞ்சுக்கறியில் நீர் வடிந்து நார்நாராகிவிடும். தொடையில் கொழுப்பும் சவ்வும் கூடுதல். சூடு இன்னும் ஏறினால் சவ்வு இளகி, கறி மெத்தென்றுதான் ஆகும். நடுவில் போன் வந்தால் தொடைக்கறி பொறுத்துக்கொள்ளும், நெஞ்சுக்கறி பொறுக்காது. மறுபடி சூடு பண்ணும்போதும் அப்படித்தான். ஆளுக்கொரு நேரம் சாப்பிடும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றால் தடிமனைக் குறையுங்கள். படுக்கைவாட்டில் இரண்டாகப் பிளந்து, உப்பு, மஞ்சள்தூள், மிளகுத்தூள், கொஞ்சம் தயிர் தடவி 10 நிமிடம் வையுங்கள். கல்லில் போடும்முன் தயிரை வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறி வேகும்முன் அது கருகும். பக்கத்துக்கு 4 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், தடிமனான துண்டை நடுவில் வெட்டி, உள்ளே பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

தொடைக்கறியை எலும்பெடுத்துச் சின்னத் துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி பூண்டு, அப்புறம் கறி. சின்ன வெங்காயம் ருசிதான், ஆனால் அதை உரித்து முடிப்பதற்குள் கறியே வெந்துவிடும், பெரிய வெங்காயமே போதும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, கறி விடும் நீரே போதும். அது வற்றியதும் கொரகொரப்பாக இடித்த மிளகைத் தூவி இறக்கினால் 15, 20 நிமிடத்தில் வறுவல் தயார்.

இனி காய். மூடி போட்டுத் தண்ணீர் தெளித்து வேகவைத்த கோஸ் குழைந்து வாடையடிக்கும். நறுக்கென்று வேண்டுமானால் மெல்லியதாக அரிந்து, பெரிய தீயில், மூடாமல் 4 நிமிடம் புரட்டி, உடனே தட்டில் பரப்ப வேண்டும். கடாயிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே தளர்ந்துவிடும். பீன்ஸுக்கும் இதே பாடுதான், கூடவே நறுக்குகிற வேலையும் அதிகம்.

கோசம்பரிக்குத் தாளிக்க மட்டும்தான் அடுப்பு. வந்ததும் பாசிப்பருப்பை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டால், கறி இறங்கும்போது பருப்பும் பதமாக இருக்கும். வெள்ளரிக்காயின் விதைப்பகுதியை வழித்தெடுங்கள், கேரட்டைத் துருவுங்கள். உப்பும் எலுமிச்சையும் தட்டில் வைக்கும்போதுதான். முன்னாலேயே போட்டால் உப்பு நீரை இழுத்து, கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும்.

அதனால் என் ஓட்டு ஜோடியைப் பிரிப்பதற்குத்தான்: தொடைக்கறி வறுவல், கூட கோசம்பரி. கறி காத்திருக்கும், காய் கடைசி நிமிடத்தில் கலக்கப்படும். காரமும் கொழுப்பும் இருக்கிற கறிக்கு எலுமிச்சைப் புளிப்பு நன்றாக ஈடுகொடுக்கும். கொழுப்பைக் கட்டாயம் குறைக்க வேண்டியவர்கள் நெஞ்சுக்கறியோடு இதே கோசம்பரியை வைத்துக்கொள்ளலாம். கோஸ் பொரியலை ரசம் சாதத்துக்கு விட்டுவிடுவோம்.

எதைச் செய்தாலும் வெள்ளரிக்காயை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிடுங்கள். பச்சைக்கறி பட்ட பலகையில், வேகவைக்காமல் தின்னும் காயை வெட்டக்கூடாது.