மூன்று ரேந்தைச் சால்வைகள்: மேலிருந்தா, கீழிருந்தா, பக்கவாட்டிலா?

ஒன்றரைச் சாண் அகலத்துக்கு நூல் போதாமல் போனபோதுதான் ரேந்தை (லேஸ்) சால்வை பின்னுவதற்குத் திசை என்று ஒன்று இருப்பது எனக்கு உறைத்தது. 2018 இல் ரொறன்ரோவிலிருந்து மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்த அக்கா கத்தரிப்பூ நிறத்தில் 100 கிராம் கம்பளி நூலுருண்டை ஒன்று தந்தார். ஏறத்தாழ 400 மீற்றர். "கல்லடி வெயிலுக்குக் கம்பளிச் சால்வையா?" என்று அம்மா சிரித்தார். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏ.சி.க்கு நேர்கீழே இருக்கை கிடைத்த நாளிலிருந்து அவர் சிரிப்பதில்லை.

அந்தச் சால்வையை மேலிருந்து பின்னினேன். மூன்று கண்ணியில் (ஊசியில் நிற்கும் நூல் வளையம்தான் கண்ணி) சிறு நாடா போலச் சில நிரை, அதாவது வரிசை, பின்னி, அதன் ஓரங்களிலும் கண்ணி எடுத்து ஒன்பதாக்கிப் பிடரியில் தொடங்க வேண்டும். பிறகு இரண்டு நிரைக்கு நான்கு கண்ணி கூடும். பழகுபவர்களுக்கு இதமான வழிதான். பிழை விட்டாலும் ஆரம்பத்தில் பிரிக்க அதிகம் இராது. நூல் தீரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். அதை நம்பித்தான் ஏமாந்தேன். கடைசி நிரைகள்தான் மிக நீளமானவை. முடித்துக்கட்ட, அதாவது கடைசிக் கண்ணிகளை அவிழாமல் மூட, மட்டும் அந்த அகலத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு நூல் வேண்டும். இரண்டு நிரையைப் பிரித்தேன். மறுபடி போதாமல் போகுமோ என்ற பயத்தில் இறுக்கி முடித்தேன். ஓரத்து முனைகள் சுருண்டுகொண்டன. இரண்டு வருடம் அப்படியே போர்த்தியபின், இன்னும் இரண்டு நிரை பிரித்து, பெரிய ஊசியால் தளர்வாக முடித்த பிறகே ஓரம் விரிந்தது. எஸ்தோனியாவின் ஹாப்சாலு நகரத்துப் பெண்கள் ஓரத்தைத் தனியாகப் பின்னித் தைத்துவிடுவார்களாம். ஏனென்று அப்போது புரிந்தது.

ரேந்தை என்ற சொல்லையே போர்த்துக்கேயர்தான் விட்டுப்போனார்கள். 1628 இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்கள் பின்னல் குறிப்பையும் விட்டுப்போயிருக்கலாம்.

இரண்டாவது, 2020 ஊரடங்கில், கீழிருந்து. பருத்தி நூல், இரண்டு உருண்டை கையில் இருந்தது. 325 கண்ணி போட்டு மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் வெவ்வேறு கணக்கு. ஐம்பது கண்ணிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிய பின்தான் நிம்மதி. கண்ணிகள் குறைந்துகொண்டே போக, மொத்தம் ஏறக்குறைய 160 நிரை. ஆனால் 47ஆவது நிரையிலேயே பாதி நூல் போய்விடுகிறது. அந்த 47 நிரையைத் தாண்டும்வரை எரிச்சல்தான். தாண்டிவிட்டால் ஒவ்வொரு நிரையும் முன்னதைவிடச் சிறிது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நிரை என்று இருந்தது, கடைசியில் சோறு வேகும் நேரத்துக்குள் நான்கு நிரையாயிற்று. ஒரு குறை: ரேந்தையில் வரும் இலை வடிவங்கள் எல்லாம் மேல்நோக்கி நிற்கின்றன. இலை தொங்கத்தானே வேண்டும்?

கழுவிக் கழுவி, இந்தப் பருத்திச் சால்வையின் நடுமுனை தொங்கிவிட்டது. திசையைத்தான் முதலில் குறை சொன்னேன். அது பிழை. மேலிருந்து பின்னினாலும் கீழிருந்து பின்னினாலும் நிரைகள் கீழ் விளிம்புகள் இரண்டுக்கும் இணையாகவே ஓடுகின்றன. ஆகவே முதுகு நடுவில் துணி கோணலாகத் தொங்குகிறது. மருதமுனைக் கைத்தறிச் சேலையைக்கூட மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் நீளும். கம்பளி மீண்டுகொள்கிறது, பருத்தி மீளவில்லை. குற்றம் நூலில்.

மூன்றாவதை 2023 இல் பக்கவாட்டில் பின்னினேன். ஒரு நுனியில் சில கண்ணியோடு தொடங்கி, ஒரே பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஓரத்து ரேந்தையும் கூடவே வளர்ந்தது. சமையலறைத் தராசில் நூல் சரிபாதி காட்டியதும் குறைக்கத் தொடங்கினேன். முடித்துக்கட்டியது சில கண்ணிகள்தாம். மிச்சம் 3 கிராம். ஆனால் இலைகள் ஒரு தோளில் கழுத்தை நோக்கியும் மறுதோளில் கழுத்தைவிட்டு விலகியும் படுத்திருக்கின்றன. படத்தில் பார்த்ததும் அக்கா அதைத்தான் கேட்டார்.

ஈரத்தோடு விரித்துக் குண்டூசி குத்தாமல் எந்தத் திசைச் சால்வையும் ரேந்தையாகத் தெரியாது. கடற்காற்றில் சாதாரண குண்டூசி துருவேறி, முதல் சால்வையில் இரண்டு புள்ளி விட்டுவிட்டது; இப்போது துருப்பிடிக்காதவை மட்டுமே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். மாரியில் இரண்டு நாளாகும், ஈர நாற்றமும் வரும்.

இந்த ஊரில் அதே நூல், அதே சாய எண்ணோடு (ஒரே தடவையில் சாயமிட்டதைக் காட்டும் எண்) இரண்டாம் தடவை எனக்குக் கிடைத்ததில்லை. கைவசம் நிறைய இருந்தால் கீழிருந்து பின்னுவேன். ஒரே உருண்டையென்றால் பக்கவாட்டுத்தான். மேலிருந்து பின்னுவதை இப்போது பழகவருபவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆவணியில் அக்கா வருகிறார்; இம்முறை 50 கிராம்தானாம். தராசுக்குப் புதிய பற்றரி வாங்கி வைத்திருக்கிறேன்.