கோர்ட் சொன்ன குடி வகுப்பு: நேரிலா, ஜூமிலா, தானே கிளிக் செய்வதா?

அக்கா மகன் டெக்சாஸில் படிக்கிறான், வயது 19. போன வருடம் ஒரு பார்ட்டியில் பீர் கேனும் கையுமாகப் போலீஸிடம் மாட்டினான். குடித்தானா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 21 வயது ஆகாதவர் கையில் வைத்திருந்தாலே குற்றம், எம்.ஐ.பி. என்பார்கள். முதல் தடவைக்கு 500 டாலர் வரை அபராதம், 8 முதல் 12 மணி நேரம் சமூக சேவை, 30 நாள் லைசென்ஸ் முடக்கம். கூடவே ஒரு மதுக் கல்வி வகுப்பு. அதை 90 நாளுக்குள் முடித்துச் சான்றிதழைக் கோர்ட்டில் காட்ட வேண்டும்.

பையன் அவசரக்காரன். அன்று இரவே ‘எல்லா கோர்ட்டிலும் செல்லும்’ என்று போட்டிருந்த ஏதோ ஒரு தளத்தில் பணம் கட்டிவிட்டான். கோர்ட் கிளார்க் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மாநில அனுமதி எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. பணமும் போச்சு, மூன்று வாரமும் போச்சு. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து இந்த வகுப்புகளை அலசினேன்.

தானே கிளிக் செய்து முடிக்கும் வகுப்புதான் இருப்பதிலேயே சுலபம். ராத்திரி ஒரு மணிக்கும் படிக்கலாம், ஷிப்ட் வேலைக்காரர்களுக்குத் தோதானது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு டைமர் ஓடும், அது தீர்ந்தால்தான் ‘அடுத்து’ பொத்தான் உயிர் பெறும். அந்த நேரத்தில் பையன் போனில் ரீல்ஸ் பார்த்தான், கேள்வித்தாளுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விடை போட்டான். படித்தான் என்று எனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

இரண்டாவது வகை, ஜூமில் நேரலை வகுப்பு. டெக்சாஸில் 21 வயது ஆகாதவர்களுக்கான மதுக் கல்வி மொத்தம் 6 மணி நேரம். இரண்டு மாலைகள் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வந்து, ஒரு ஷாட் என்று நினைக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஆசிரியை. இவன் ஊற்றியதை அளந்தால் 80 மில்லி! அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்றால் விஸ்கி 44 மில்லிதான். பீரானால் 355, ஒயினானால் 148. எதைக் குடித்தாலும் உள்ளே போகும் ஆல்கஹால் 14 கிராம். நம்மூர் 180 மில்லி குவாட்டரை இதில் வைத்துப் பார்த்தேன், நாலுக்கும் கொஞ்சம் மேலே வருகிறது. ஒரு குவாட்டரை ‘சும்மா கொஞ்சம்’ என்று சொல்லும் சொந்தக்காரர்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

நேரடி வகுப்பில் ஏமாற்ற வழியில்லை. மாநில அனுமதி இருந்தால் கோர்ட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்கும். ஆனால் தூரம் ஒரு தொல்லை. லைசென்ஸ் முடங்கியவன் எப்படிப் போவான்? பேருந்தே இல்லாத ஊர்கள் அங்கே ஏராளம். அதனால்தான் 75,000 பேருக்கு மேல் இல்லாத மாவட்டங்களில் வகுப்பு கிடைக்காவிட்டால் ஆன்லைனுக்கோ சமூக சேவைக்கோ நீதிபதி அனுமதி தரலாம் என்று டெக்சாஸ் சட்டத்திலேயே ஒரு வழி வைத்தார்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் கதை வேறு. டெக்சாஸில் முதல் தடவைக்கு 12 மணி நேர வகுப்பு, மறுபடி மாட்டினால் 32. கலிஃபோர்னியா இன்னும் கறார். முதல் தடவையே மூன்று மாதம், 30 மணி நேரம். ரத்தத்தில் ஆல்கஹால் 0.20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்பது மாதம். இரண்டாம் தடவை என்றால் 18 மாதம். அதுவும் மாநில உரிமம் பெற்ற பள்ளியில்தான். ஒரே நாளில் கிளிக் செய்து வாங்கிய சான்றிதழை அங்கே யாரும் சீண்ட மாட்டார்கள்.

புகையிலை, வேப் (இ-சிகரெட்) விஷயத்தில் அபராதம் சின்னது. டெக்சாஸில் 100 டாலர் வரைதான். 2019 செப்டம்பரிலிருந்து வயது வரம்பு இதற்கும் 21. கோர்ட் தண்டனையை நிறுத்தி வைத்து வகுப்புக்கு அனுப்பும், வகுப்பு கிடைக்காத ஊரில் சமூக சேவை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரையும் கூட உட்காரச் சொல்லலாம். இதற்கு நான் நேரடி வகுப்பையே சொல்வேன். பதினைந்து வயதுப் பையன் பக்கத்தில் அப்பா இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை எந்த டைமரும் தர முடியாது.

எம்.ஐ.பி.க்கு என் ஓட்டு ஜூமுக்கு. எதுவானாலும் பணம் கட்டும் முன் கோர்ட் கிளார்க்குக்கு ஒரு போன் போட்டு, ‘இந்த வகுப்பு, இந்த முறை, செல்லுமா?’ என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு வகுப்பை முடித்தால் உள்ளூர் கோர்ட் வழக்கை மூடிவிடலாம். ஆனால் குடிவரவுச் சட்டம் அதையும் தண்டனையாகவே எண்ணக்கூடும். கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் துறை வக்கீலைப் பார்க்க வேண்டும். விசாப் படிவத்தில் கைது, தண்டனை பற்றிக் கேட்பார்கள். கோர்ட் முத்திரை போட்டுத் தந்த நகலைப் பையன் இப்போது பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறான்.