ஐந்து வருடத்தில் மூன்று கேமிங் மவுஸ்: ஆட்டம் தேறியதா?

மவுஸுக்கு மட்டும் இதுவரை 327 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவழித்திருக்கிறேன். 59, 79, 189. வேலரண்ட் என்ற சுடும் ஆட்டத்தில் சில்வர் தரத்தில் தொடங்கி, கோல்டைத் தாண்டி, இப்போது பிளாட்டினத்தின் அடிப்படியில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த ஏற்றத்தில் மவுஸுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது, ஏனென்றால் மவுஸ் மாற்றிய ஒவ்வொரு தடவையும் கூடவே வேறு ஏதோ ஒன்றும் மாறியது. புது மவுஸ் வந்த வாரத்தில் நன்றாக ஆடினால் மவுஸுக்குப் புகழ், மோசமாக ஆடினால் இணைய லைனுக்குத் திட்டு. எல்லாரும் செய்வதுதான். அதனால்தான் கொஞ்சம் பொறுமையாக, எது எதனால் வந்தது என்று பிரித்து எழுதிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்து வீடு, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் முக்கால்வாசி செம்பனை. வேலை செம்பனை ஆலையில், ஷிப்ட் முறை. ஆட்டம் பெரும்பாலும் ராத்திரி பத்துக்கு மேல்தான், பாதித் தூக்கத்தில். தொழில்முறை ஆட்டக்காரன் எழுதுவதாக நினைத்துப் படிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட நாளில் சிசி (சைபர் கஃபே) கடைதான் எங்களுக்கு எல்லாம். ஒரு மணி நேரம் இரண்டு வெள்ளி, ஆடியது டோட்டா, ஐவர் ஐவராக மோதும் வியூக ஆட்டம். 2013ல் நம் நாட்டு ஆரஞ்ச் குழு சியாட்டிலில் தி இன்டர்நேஷனல் என்ற டோட்டா உலகப் போட்டியில் மூன்றாவதாக வந்தபோது நான் நான்காம் படிவம், அந்த வாரம் முழுக்கக் கடையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அங்கே இருந்த மவுஸ்களில் பாதிக்கு இடது பட்டன் ஒழுங்காக அமுங்காது, நல்ல மவுஸ் இருக்கும் ஏழாம் நம்பர் இருக்கைக்குத் தள்ளுமுள்ளு நடக்கும். தவுக்கே (கடை முதலாளி) சிரித்துக்கொண்டே, தோற்றவன் எல்லாம் மவுஸைத்தான் சொல்கிறான் என்பார். டோட்டாவுக்கு அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி, அங்கே யோசனையும் நேரமும்தான் பெரிது, மவுஸ் வெறுமனே கிளிக் ஆனால் போதும். சுடும் ஆட்டத்தில் கணக்கு வேறு. தலை இருக்கும் அந்த நாலைந்து பிக்சலில் குறி நிற்க வேண்டும், அதுவும் அரை நொடிக்குள்.

2020 ஜூனில் வேலரண்ட் வெளிவந்தபோது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் எல்லாரும் வீட்டிலேயே கிடந்தோம். அப்போது வாங்கியதுதான் 59 வெள்ளி மவுஸ். யார் தயாரிப்பு என்று சொல்லப் போவதில்லை. பெட்டியில் 16,000 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் பதியும் புள்ளிகள்) என்று பெரிதாகப் போட்டிருந்தது, ஏழு வண்ண விளக்கு, பக்கவாட்டில் ரப்பர் பிடி, அடியில் கழற்றி மாட்டும் எடைக் கட்டிகள். எடை கூடினால் நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன். எல்லாக் கட்டிகளையும் போட்டு, டிபிஐயை 3200ல் வைத்து, ஆட்டத்துக்குள் அதைப் பெருக்கும் சென்சிடிவிட்டி 0.5. விரல் அசைந்தால் திரை பறக்கும். வேகம் என்றால் திறமை என்று ஒரு நினைப்பு.

பல மாதம் கழித்துத்தான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர வேண்டும் என்பதுதான் உண்மையான அளவு, டிபிஐ மட்டும் தனியாக எதையும் சொல்லாது. என் அமைப்பில் அது வெறும் 8 சென்டிமீட்டர். வேலரண்ட்டில் நன்றாக ஆடுகிறவர்கள் பலர் 800 டிபிஐயில் 0.3, 0.35 என்று வைத்திருக்கிறார்கள், 0.35 என்றால் ஏறக்குறைய 47 சென்டிமீட்டர். அதாவது நான் ஒரு மில்லிமீட்டர் தவறினால் அவர்கள் ஆறு மில்லிமீட்டர் தவறியதற்குச் சமம். மணிக்கட்டை மட்டும் வைத்து 8 சென்டிமீட்டருக்குள் ஆடிக்கொண்டு, குறி நடுங்குகிறது, அசைவை அளக்கும் சென்சர் சரியில்லை என்று புலம்பியிருக்கிறேன். கை வலி வேறு.

800க்கு இறக்கினேன். முதல் பத்து நாள் நரகம், பின்னால் யாராவது வந்தால் திரும்பவே முடியாது. மேசையில் இடம் போதாமல் கீபோர்டைச் சாய்த்து வைத்து, 90க்கு 40 சென்டிமீட்டர் அளவில் ஒரு துணி மவுஸ் பேட் 25 வெள்ளிக்கு வாங்கி, முழங்கையிலிருந்து கையை நகர்த்தப் பழகினேன். கூடவே விண்டோஸில் சுட்டியின் வேகத்தைத் தானாக ஏற்றி இறக்கும் அந்த 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரசிஷன்' டிக்கை எடுத்துவிட்டேன். வேலரண்ட்டுக்கு அது பெரிய விஷயமில்லை, பழைய ஆட்டங்கள் சிலவற்றில் கை எவ்வளவு போனாலும் குறி வேறெங்கோ நிற்கும். சில்வரிலிருந்து கோல்டு போனது இந்தக் காலத்தில்தான். அதே 59 வெள்ளி மவுஸில். இதை நானே பல தடவை மறந்துபோகிறேன்.

அந்த மவுஸ் செத்த கதையையும் சொல்ல வேண்டும். முதலில் போனது ரப்பர் பிடி. நம் ஊர்ப் புழுக்கத்தில், கை வியர்வையில், ஒன்பதாம் மாதமே பிசுபிசுவென்று ஆகிவிட்டது, பிறகு உரிந்து விரலில் கறுப்பாக ஒட்டியது. மூன்று தலைமுறை ரப்பரில் சோறு தின்ற குடும்பத்துப் பையனை ரப்பர் இப்படிச் செய்யலாமா. அடுத்தது டபுள் கிளிக். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பதியும். பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சில் ஒரு மெல்லிய உலோகத் தகடு போய் இன்னொன்றைத் தொடுகிறது, தொடும்போது எப்போதுமே கொஞ்சம் துள்ளும், அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் சில மில்லி நொடி பொறுக்கும்படி மவுஸுக்குள் எழுதி வைத்திருப்பார்கள். தகடு தேய்ந்தோ களிம்பேறியோ போனால் துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டும், மவுஸ் அதை இரண்டாவது கிளிக் என்று நம்பிவிடும். ஆட்டத்தில் ஒரு குண்டு என்று நினைத்தது இரண்டாகப் போகும், இரண்டாவது குண்டு மேலே எங்கேயோ. ஒரு வருட உத்தரவாதம் இருந்தது, பதினான்காவது மாதத்தில் பிரச்சினை வந்தது. விற்றவருக்கு எழுதிப் பார்த்தேன், படித்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

அப்புறம் லாஜிடெக் ஜி102. வேறு நாடுகளில் ஜி203 என்று விற்பதும் இதுதான். 85 கிராம், 8000 டிபிஐ, ஆறு பட்டன், ரப்பர் என்று எதுவும் இல்லை, வெறும் பிளாஸ்டிக். முதல் நாள் கையில் எடுத்தபோது காலி டப்பா மாதிரி இருந்தது, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. இரண்டு நாளில் புரிந்தது. கையை நிறுத்த நினைத்த இடத்தில் மவுஸ் நின்றது, முன்பு எடைக் கட்டிகள் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோய்த்தான் நின்றன. 79 வெள்ளிக்கு இதற்கு மேல் கேட்க முடியாது என்பது இன்றைக்கும் என் கருத்து. புதிதாக ஆடத் தொடங்கும் யாராவது கேட்டால் இதைத்தான் கைகாட்டுகிறேன்.

ஆனால் என் கை பெரியது. மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை பத்தொன்பதரை சென்டிமீட்டர். ஜி102 நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, உள்ளங்கையை அதன் மேல் படுக்க வைக்க முடியாது, விரல்களை மடக்கிக் கோழி நகம் போலப் பிடிக்க வேண்டும். நகப்பிடி பிடிக்கிறவர்களுக்கு அது சொர்க்கம். எனக்கோ சுண்டுவிரல் பேடில் உரசிக்கொண்டே வரும், ஒரு மணி நேரம் தாண்டினால் கட்டைவிரல் அடியில் இறுகும். மவுஸ் மேல் குற்றமில்லை, அளவு பார்க்காமல் வாங்கினது நான்.

இதைப் பற்றி ஒரு நாள் வீட்டில் முணுமுணுத்தபோது பாட்டி சொன்னதுதான் எனக்குக் கிடைத்த நல்ல ஆலோசனை. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். "அடுத்தவ கத்திய எடுத்து மரத்துல வச்சா அன்னிக்குப் பட்டையில காயந்தான்டா அய்யா" என்றார். உள்ளே இருக்கும் மரத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டுத்தான் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கினால் காயம், மேலோட்டமாகப் போனால் பால் குறைவு, இதை விடியாத இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரத்துக்குச் செய்ய வேண்டும். பாட்டி தன் கத்திப் பிடியில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தாராம், தன் கைக்குத் தடிமன் வரும் வரை. தாத்தாகூட அந்தக் கத்தியைத் தொடவே மாட்டாராம்.

அடுத்த மவுஸை அளவுநாடாவோடு தேடினேன். ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்காமல், கோலாலம்பூர் போன ஒரு சனிக்கிழமை லோயாட் கணினிக் கடை வளாகத்தில் ஏறி இறங்கி, வெளியே வைத்திருந்த மவுஸ்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர்கள் டிபிஐ எண்ணைச் சொல்ல ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுப்பேன். கையில் உட்கார்ந்தது ரேசர் டெத்ஆடர் வி2. 2006லிருந்து வரும் வரிசை, வலது கைக்கென்றே சாய்வு, நீளம் 127 மில்லிமீட்டர், எடை 82 கிராம். சுவிட்ச் ஒளியால் வேலை செய்வது, பட்டனை அழுத்தினால் உள்ளே ஓர் ஒளிக்கற்றை வழியாகக் கிளிக் பதிகிறது, தகடு துள்ளும் பிரச்சினைக்கே இடமில்லை. முதல் மவுஸில் பட்ட பாட்டுக்கு இது ஒன்றே போதும் என்று 189 வெள்ளி கொடுத்தேன். 2023லிருந்து இதுதான். கிளிக் இன்றுவரை சுத்தம்.

சரி, ஆட்டம் தேறியதா? ஒரு மாதம் ஆனதும், ஒரே சென்சிடிவிட்டியில் ஜி102ல் இருபது ஆட்டம், டெத்ஆடரில் இருபது ஆட்டம் ஆடிக் குறித்து வைத்தேன். ஹெட்ஷாட் விகிதம் (பட்ட குண்டுகளில் தலையில் பட்டவை) 21, 22 சதவீதம். எது எதில் என்று சொல்லி என்ன பயன், ஒரு நல்ல மேப் வந்தாலே அந்த ஒன்று மாறிவிடும். வித்தியாசம் தெரிந்தது மூன்றாவது மணி நேரத்தில். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குள் கை இறுகி, பிடியை மாற்றி மாற்றிப் பிடித்து, குறி சிதறும். இப்போது மவுஸ் கையில் இருப்பதே நினைவில் இல்லை. என் தம்பிக்கு இந்த விளக்கம் பிடிக்காது. "அண்ணே, 189 கொடுத்தா ஏதாவது சொல்லித்தானே ஆகணும்" என்கிறான்.

அவன் வைத்திருப்பது வயரில்லாத லாஜிடெக் ஜி304. ஒரு ஏஏ பேட்டரியோடு 99 கிராம், 250 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள், அவன் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறான். கனமாக இருக்கிறது என்பவர்கள் லித்தியம் ஏஏ போட்டுப் பாருங்கள், ஏழெட்டு கிராம் குறையும். வயரில்லாதது தாமதம் என்ற பழைய பயம் இந்த வகைக்குப் பொருந்தாது, நொடிக்கு ஆயிரம் தடவை தகவல் அனுப்புகிறது, என் வயர் மவுஸும் அவ்வளவுதான். ப்ளூடூத் ஆபீஸ் மவுஸ் வேறு ஜாதி, அதை வைத்து ஆட வேண்டாம்.

தாமதம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 125 ஹெர்ட்ஸ் மவுஸ் 8 மில்லி நொடிக்கு ஒரு தடவை பேசும், 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி நொடி. இப்போது 8000 ஹெர்ட்ஸ் என்று விற்கிறார்கள், அது 0.125. நான் அப்போது வைத்திருந்த 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி எடுத்துக்கொண்டது. மழை பிடித்தால் எங்கள் வீட்டு லைனில் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) இருபது மில்லி நொடியிலிருந்து தொண்ணூறுக்குத் தாவும். வாசலில் வெள்ளம் நிற்கும்போது குழாய்ச் சொட்டைத் துடைத்த கதைதான் மிச்சமெல்லாம். பழைய 144 ஹெர்ட்ஸ் திரை ஒன்றை ஈப்போவில் 280 வெள்ளிக்கு வாங்கி மாட்டிய ராத்திரி, எதிரி ஓடுவது முதல் தடவையாக வழுக்கிக்கொண்டு தெரிந்தது. கோல்டிலிருந்து பிளாட்டினத்துக்கு எது தூக்கியது என்று கேட்டால் நான் அந்தத் திரையைத்தான் சொல்வேன்.

சென்சரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிக்ஸார்ட் 3360 என்ற சென்சர் வந்த பிறகு, ஓரளவு பேர் சொல்லும் எந்த மவுஸிலும் மனிதக் கை வேகத்துக்குச் சென்சர் தடுமாறுவதில்லை. (பிக்ஸார்ட் தைவான் நிறுவனம், பினாங்கிலும் அவர்களுக்குக் கிளை உண்டு.) 30,000 டிபிஐ என்பது வேகமானியில் 300 என்று போட்டிருக்கும் மோட்டார் சைக்கிள் மாதிரி, நம் தோட்டத்துச் செம்மண் பாதையில் அறுபதுக்கு மேல் யார் ஓட்டப் போகிறார்கள்.

பராமரிப்பில் இரண்டு தொல்லை. துணி பேட் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு கனத்துப்போகும், மவுஸ் சேற்றில் போவது போல இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, நிழலில் காயவைத்து, ஆடும்போது மின்விசிறியை மேசைப் பக்கம் திருப்பினால் சமாளிக்கலாம். அடியில் இருக்கும் வெள்ளை டெஃப்லான் பாதங்கள் ஒன்றரை வருடத்தில் தேய்ந்தன, மாற்று செட் 15 வெள்ளி, முடி உலர்த்தியால் சூடு காட்டிப் பழையதை உரித்துவிட்டு ஒட்டினேன்.

வியர்வை வழுக்கலுக்கு மவுஸுக்கென்று விற்கும் பிடி ஸ்டிக்கர் 30 வெள்ளிக்கு மேல். நான் பேட்மிண்டன் ராக்கெட்டுக்குச் சுற்றும் பட்டையை வாங்கி, கட்டைவிரலும் மோதிரவிரலும் படும் இடத்துக்கு வெட்டி ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழுக்காகும், உரித்துவிட்டு வேறு போடுவேன். ஒரு பட்டை ஐந்து வெள்ளி, நாலு தடவைக்கு வரும். போன மாதம் மாற்றும்போது பாட்டி கத்தரிக்கோலை வாங்கித் தானே வெட்டிக் கொடுத்தார், அளவு கேட்கவில்லை, என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டினார். நான் வெட்டுவதைவிட நன்றாக உட்கார்ந்திருக்கிறது.