பரோவா, டேனியல்ஸா? ஒரே ஆண்டில் பெரிதாக வளர்ந்த குவார்ட்டர்பேக் யார்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் இடையில் அடையாளமே தெரியாத அளவுக்கு முன்னேறியவர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் பெயர் ஜோ பரோ. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், விளையாட்டைக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவருக்கு ஒரே ஒரு குவார்ட்டர்பேக்கின் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவரின்) இரண்டு ஆண்டு ஆட்டங்களை அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தபோது நான் தேர்ந்தெடுத்தது ஜேடன் டேனியல்ஸை. அந்தத் தேர்வு சரிதான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

இருவரையும் ஒப்பிடுவது எளிது, ஏனெனில் இருவரும் ஆடியது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வுக்காக. பரோ ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்தும், டேனியல்ஸ் அரிசோனா ஸ்டேட்டிலிருந்தும் அங்கு மாறி வந்தவர்கள். இருவருக்கும் அங்கு முதல் ஆண்டு பரவாயில்லை என்று சொல்லும்படி அமைந்தது. இரண்டாம் ஆண்டு, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் முடிந்தது.

பரோவின் எண்கள் பலருக்கும் மனப்பாடம் என்பதால் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் பந்தை வீசி அணியை முன்னேற்றிய தொலைவு 2,894 யார்டுகள், புள்ளி எடுத்துத் தந்த டச்டவுன் பாஸ்கள் 16, துல்லியம் (வீசியவற்றில் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தவை) 57.8 விழுக்காடு. 2019-இல் 5,671 யார்டுகள், 60 டச்டவுன்கள், 76.3 விழுக்காடு. அணி 15 ஆட்டங்களையும் வென்று தேசியச் சாம்பியன் ஆனது. 2018-இல் அலபாமாவிடம் சொந்த மைதானத்தில் 29-0 என்று ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்ற அணி, அடுத்த ஆண்டு அதே அலபாமாவை அவர்களுடைய மைதானத்திலேயே 46-41 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் பரோ வீசிய 39 பாஸ்களில் 31 உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஒற்றை சீசன் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நம் கேள்வி உச்சத்தைப் பற்றியது அன்று, வளர்ச்சியைப் பற்றியது. வளர்ச்சியை அளக்கும்போது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் வீரரைச் சுற்றி என்னென்ன மாறின என்பதே. பரோவைப் பொறுத்தவரை மாறியது ஏராளம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி 2019-இல் பாஸ் ஆட்டத்தின் ஒருங்கிணைப்பாளராக வந்து சேர்ந்தார். பழைய பாணியில் ஓட்டத்தை நம்பியிருந்த தாக்குதல், ஐந்து பேரை மைதானத்தின் குறுக்கே பரப்பி நிறுத்தி, பந்தை விரைவாகக் கைமாற்றும் தாக்குதலாக உருமாறியது. முந்தைய ஆண்டில் 23 பாஸ்களை மட்டுமே பிடித்திருந்த ஜமார் சேஸ் அந்த ஆண்டில் 1,780 யார்டுகள் எடுத்தார். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது பிரேடிக்கே கிடைத்தது. பரோவின் முடிவெடுக்கும் வேகம் கூடியது உண்மைதான். 2018 சீசனின் இறுதியில் யு.சி.எஃப். அணிக்கு எதிரான ஃபியஸ்டா பௌலில் அவர் வீசிய நான்கு டச்டவுன்களிலேயே அதன் தொடக்கத்தைப் பார்க்கலாம். எனினும் இதில் புதிய ஆட்டத் திட்டத்தின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அவர் விஷயத்தில் மிகவும் கடினம்.

டேனியல்ஸ் விஷயத்தில் இந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. 2022-இலும் 2023-இலும் தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லி. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் மைக் டென்பிராக். பாஸ்களைப் பிடிக்கும் ரிசீவர்களான மாலிக் நேபர்ஸும் பிரையன் தாமஸும் இரண்டு ஆண்டும் இருந்தார்கள். கேஷான் பூட்டேயையும் சேர்த்தால் முதல் ஆண்டில்தான் ரிசீவர்களின் பட்டியல் இன்னும் நீளம். அப்படியிருந்தும் 2022-இல் டேனியல்ஸ் 388 பாஸ்கள் வீசி 2,913 யார்டுகளும் 17 டச்டவுன்களும் மட்டுமே எடுத்தார். அந்த ஆண்டின் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது நினைவிருக்கும்: முதல் ரிசீவர் மறிக்கப்பட்டதும், தொலைவில் இருப்பவரைத் தேடாமல், பந்தை இடுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுவார். அவர் ஓடினால் பலன் இருந்தது. அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 32-31 என்று வீழ்த்திய ஆட்டத்தில் 25 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தவரும் அவரே. ஆனால் எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்கள் (இன்டர்செப்ஷன்) அந்த ஆண்டில் மூன்றே மூன்று என்ற எண்ணுக்குப் பின்னால், ஆபத்தான பாஸை வீசவே துணியாத எச்சரிக்கையும் இருந்தது.

2023-இல் அவர் வீசிய பாஸ்கள் 327-ஆகக் குறைந்தன, ஆடிய ஆட்டங்களும் 14-இலிருந்து 12-ஆகக் குறைந்தன, ஆனால் யார்டுகள் 3,812-ஆகவும் டச்டவுன்கள் 40-ஆகவும் உயர்ந்தன. ஒரு பாஸுக்குச் சராசரியாக 7.5 யார்டு என்றிருந்தது 11.7-ஆனது. என் தேர்வை முடிவுசெய்தது இந்த ஓர் எண்தான். திட்டம் மாறினால் பாஸ்களின் எண்ணிக்கை கூடும், குறுகிய பாஸ்களால் துல்லியமும் கூடும். ஆனால் திட்டம் மாறாமல் ஒவ்வொரு வீச்சின் விளைச்சலும் இவ்வளவு பெருகுவதற்கு, வீசுபவரின் கண்ணும் துணிவும் மாறியிருக்க வேண்டும். பரோவின் இதே சராசரி 7.6-இலிருந்து 10.8-ஆனது. புதிய திட்டம் கொடுத்த உதவியோடும் அது டேனியல்ஸ் எட்டிய அளவைத் தொடவில்லை என்பதை கவனிக்க வேண்டும்.

கண் எப்படி மாறியது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. 2023 கோடையில் எல்.எஸ்.யு. ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் மெய்நிகர் பயிற்சிக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியது. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரணியின் தடுப்பு அமைப்புகளை உண்மையான வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடவிட்டுப் பழகிய பின், சனிக்கிழமை ஆட்டங்கள் அவருக்கு நிதானமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கருவியின் பங்கை மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் இதை அவர் தானாக உழைத்துச் சேர்த்த திறமையாகவே கருதுகிறேன்.

2023 நவம்பர் 11 அன்று ஃபுளோரிடாவுக்கு எதிரான ஆட்டம் இதற்கு நல்ல சான்று. முந்தைய வாரம் அலபாமாவுக்கு எதிராகத் தலையில் அடிபட்டு வெளியேறியவர், அன்று 26 பாஸ்களில் 372 யார்டுகளும், ஓடி 234 யார்டுகளும் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் பாஸில் 350 யார்டுகளையும் ஓட்டத்தில் 200 யார்டுகளையும் தாண்டிய, கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவைச் சேர்ந்த முதல் வீரர் அவர். அன்றைய 85 யார்டு டச்டவுன் ஓட்டத்தை 2022-இன் ஓட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: அவருடைய பாஸுக்கு அஞ்சித் தடுப்பாளர்கள் பின்வாங்கி நின்றதால்தான் அவ்வளவு பெரிய வெளி கிடைத்தது.

நேபர்ஸும் தாமஸும் வளர்ந்தார்களே, அதுவே காரணமாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். தாமஸ் 5 டச்டவுன்களிலிருந்து 17-க்குப் போனார். ஆனால் நேபர்ஸ் 2022-லேயே ஆயிரம் யார்டுகளைக் கடந்தவர். அப்போது அவருக்குக் குறைவாகக் கிடைத்தவை டேனியல்ஸிடமிருந்து வர வேண்டிய தொலைதூரப் பாஸ்கள்தாம்.

அணி பெற்ற வெற்றிகளை வைத்துப் பார்த்தால் பரோவே மேல். டேனியல்ஸின் அணி மிசிசிப்பிக்கு எதிராக 49 புள்ளிகள் எடுத்தும் 55-ஐ விட்டுக்கொடுத்துத் தோற்றது. அந்தத் தடுப்பாட்டத்தின் பலவீனத்தை அவர் கணக்கில் எழுதுவது சரியாகாது.

பிட்ஸ்பர்க்கின் கென்னி பிக்கெட்டையும் பரிசீலித்தேன். அவரும் ஒரே ஒருங்கிணைப்பாளரின் கீழ் 13 டச்டவுன்களிலிருந்து 42-க்கு உயர்ந்தவர்தான், ஆனால் அது அதே அணியில் அவருக்கு ஐந்தாவது ஆண்டு. கொரோனாவால் சுருங்கிய 2020-ஐ முழு சீசனோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. பி.ஒய்.யு. அணியின் குவார்ட்டர்பேக் சாக் வில்சனையும் விட்டுவிட்டேன்; அவர் சந்தித்த எதிரணிகள் மிக எளியவை.

என் வாதத்தில் உறுதி குறையும் இடம் ஒன்று உண்டு. 2022-இல் டேனியல்ஸைக் காத்து நின்ற இரண்டு டேக்கிள்களும், வில் கேம்ப்பெலும் எமரி ஜோன்ஸும், கல்லூரிக்கு வந்த முதல் ஆண்டு மாணவர்கள்; 2023-இல் இருவரும் தேர்ந்துவிட்டார்கள். பந்தையே தொடரும் தொலைக்காட்சிக் கேமராவில் பார்க்கும் எனக்கு, அவருக்குக் கிடைத்த கூடுதல் நொடிகளில் எத்தனை அவர்கள் கொடுத்தவை, எத்தனை அவரே முன்கூட்டிக் கணித்துப் பெற்றவை என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தெளிவு கிடைப்பதில்லை. முழு மைதானத்தையும் காட்டும் பயிற்சியாளர் ஒளிப்பதிவுகளைப் படித்தவர்கள் அந்தப் பங்கை இன்னும் பெரிதாக மதிப்பிட்டால், இடைவெளி குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் டேனியல்ஸையே முன்னே வைப்பேன்.